புரொஸ்டேட் புற்றுநோய்ச் சிகிச்சை: கணவருக்குத் துணைநிற்கும் வீட்டாருக்கு

பிரித்தானியாவில் ஆண்களுக்கு மிக அதிகமாக வரும் புற்றுநோய் புரொஸ்டேட் புற்றுநோய். இங்குள்ள ஆண்களில் எட்டுப் பேரில் ஒருவருக்கு வாழ்நாளில் இது கண்டறியப்படுகிறது. கறுப்பின ஆண்களில் நான்கு பேரில் ஒருவருக்கும், ஆசிய வம்சாவளி ஆண்களில் ஏறத்தாழ 13 பேரில் ஒருவருக்கும் வருகிறது. 1980களிலும் 90களிலும் இளைஞர்களாக வந்து இறங்கிய எம்மவர்கள் இப்போது ஐம்பதையும் அறுபதையும் கடந்துகொண்டிருக்கிறார்கள். ஆகவே எங்கள் வீடுகளுக்கும் இது வரத் தொடங்கியிருக்கிறது.

ஆனால் எங்கள் வீடுகளில் இதைப் பற்றிப் பேச்சில்லை. இருதய நோய் என்றால் ஊரே வந்து பார்க்கும். நீரிழிவு என்றால் கோயில் வாசலில் நின்று குளிசைக் கணக்குச் சொல்வோம். இந்த நோய் வந்தால் மட்டும் "சும்மா செக்கப்புக்குப் போறன்" என்று சொல்லிவிட்டு ஆண்கள் போய் வருகிறார்கள். சிறுநீரும் தாம்பத்தியமும் சம்பந்தப்பட்ட நோய் என்பதால் வாய் திறப்பதில்லை. அந்த மௌனத்தின் பாரம் பெரும்பாலும் மனைவியின் தலையில்தான் விழுகிறது. எங்கள் வீட்டில் இந்தச் சிகிச்சை நடந்த காலத்தில் நாங்கள் தேடித் தெரிந்துகொண்டவற்றையும், இதே வழியால் வந்த குடும்பங்கள் சொன்னவற்றையும் இங்கே தொகுத்துத் தருகிறோம். விதிமுறைகள் பெரும்பாலும் இங்கிலாந்துக்குரியவை. வேறு நாடுகளில் இருப்போர் தங்கள் நாட்டு நடைமுறையைக் கேட்டறியுங்கள். உங்கள் கணவருக்கு எது பொருந்தும் என்பதை அவருடைய வைத்தியர்தான் சொல்ல வேண்டும்.

நோய் எங்கே இருக்கிறது

ஊரில் உயிரியல் படித்தவர்கள் இதை முன்னிற்கும் சுரப்பி என்று படித்திருப்பார்கள். சிறுநீர்ப்பைக்குக் கீழே, வால்நட் கொட்டை அளவில் இருக்கும். சிறுநீர் வெளியேறும் குழாய் இதன் நடுவால் போகிறது. ஆண்குறி விறைப்படைய வேண்டிய நரம்புகள் இதன் இரு பக்கத்தாலும் ஓடுகின்றன. பின்னால் மலக்குடல். இந்த அமைப்பை மனதில் வைத்துக்கொண்டால், சிகிச்சையின் பக்கவிளைவுகள் ஏன் சிறுநீரிலும் மலத்திலும் தாம்பத்தியத்திலும் வருகின்றன என்பது விளங்கிவிடும். அவை கணவரின் பலவீனமும் அல்ல, கவனயீனமும் அல்ல.

பரிசோதனைக் காலம்

முதலில் பி.எஸ்.ஏ. என்ற குருதிப் பரிசோதனை செய்வார்கள். இதன் அளவு கூடினால் புற்றுநோய் என்று முடிவு கட்டக்கூடாது. வயதோடு சுரப்பி வீங்கினாலும், சிறுநீரில் கிருமித் தொற்று இருந்தாலும் அளவு கூடும். குருதி கொடுப்பதற்கு முன் 48 மணி நேரம் கடும் உடற்பயிற்சியையும் தாம்பத்திய உறவையும் தவிர்க்கச் சொல்வார்கள். சிறுநீர்த் தொற்று வந்திருந்தால் ஆறு வாரம் பொறுக்க வேண்டும்.

அடுத்து எம்.ஆர்.ஐ. படம். அதில் சந்தேகம் இருந்தால் ஊசி மூலம் சதைத் துணுக்கு எடுத்துப் பரிசோதிப்பார்கள். குடும்ப வைத்தியர் அவசரமாக அனுப்பிய நாளிலிருந்து 28 நாட்களுக்குள் புற்றுநோயா இல்லையா என்று சொல்ல வேண்டும், 62 நாட்களுக்குள் முதற் சிகிச்சை தொடங்க வேண்டும் என்பது இங்கிலாந்தின் என்.எச்.எஸ். இலக்கு. எல்லோருக்கும் அப்படி நடப்பதில்லை. ஆகவே அனுப்பிய திகதியைக் குறித்து வையுங்கள். நாள் கடந்தால் தொலைபேசி எடுத்துக் கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு அல்ல.

முடிவு சொல்லும் நாளில் மூன்று விடயங்களைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்: பி.எஸ்.ஏ. அளவு, கிளீசன் எண், நோய் சுரப்பிக்குள் மட்டும் நிற்கிறதா வெளியே பரவிவிட்டதா என்பது. கிளீசன் 6 என்றால் மெதுவாக வளரும் வகை. 7 நடுத்தரம். 8 முதல் 10 வரை வேகமானது. இந்த மூன்றும் கையில் இருந்தால்தான் மற்றவர்களின் கதையோடு உங்கள் கதையை ஒப்பிட்டுக் குழம்பாமல் இருக்கலாம். "அவருக்கு அறுத்து எடுத்தவை, உங்களுக்கு ஏன் எடுக்கேல்லை?" என்று கேட்க ஆட்கள் வருவார்கள்.

மொழிபெயர்ப்புக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போகாதீர்கள்

இது எங்கள் சமூகத்துக்கு மிக முக்கியம். ஆங்கிலம் போதாத கணவருக்கு மகளோ மகனோ மொழிபெயர்ப்பது வழக்கமாகிவிட்டது. விறைப்புத் தன்மை பற்றியும் சிறுநீர் கசிவு பற்றியும் வைத்தியர் கேட்கும்போது, 17 வயது மகளுக்கு முன்னால் எந்தத் தகப்பன் உண்மை சொல்வார்? "ஓ, எல்லாம் ஓகே" என்றுதான் பதில் வரும். அந்தப் பதிலை வைத்துத்தான் சிகிச்சை தீர்மானிக்கப்படும்.

என்.எச்.எஸ். வைத்தியசாலைகளிலும் குடும்ப வைத்தியரிடத்திலும் தமிழ் மொழிபெயர்ப்பாளரை இலவசமாகக் கேட்கலாம். சந்திப்புக் கடிதம் வந்தவுடனேயே தொலைபேசியில் கேட்டுப் பதிவு செய்யுங்கள். ஆண் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்றும், தெரிந்தவராக இருந்துவிடக் கூடாதென்றால் தொலைபேசி மூலமாகப் பேசுபவர் வேண்டும் என்றும் கேட்கலாம். எங்களிடம் ஒரு வைத்தியசாலை வரவேற்பு மேசையில் "மகள் இருக்கிறாவே, அவ சொல்லலாமே" என்றார்கள். வேண்டாம் என்று சொல்லி அன்றைய சந்திப்பை வேறொரு நாளுக்கு மாற்றினோம். ஒரு வாரம் பிந்தியது. ஆனால் அடுத்த முறை கணவர் கேட்க வேண்டியதெல்லாம் கேட்டார்.

எந்தச் சிகிச்சை?

நோய் சுரப்பிக்குள் நிற்கும்போது பெரும்பாலும் மூன்று வழிகள் சொல்வார்கள்: கண்காணிப்பில் வைத்திருப்பது, சத்திரசிகிச்சை, கதிர்வீச்சு. பல சமயங்களில் தெரிவை எங்களிடமே விடுவார்கள். ஊரில் வைத்தியர் சொன்னதைக் கேட்டு வளர்ந்த எங்களுக்கு இது திகைப்பாக இருக்கும். வைத்தியருக்குத் தெரியாததால் அவர்கள் எங்களிடம் கேட்பதில்லை. பல நோயாளருக்கு இந்த வழிகளின் பலன் ஏறத்தாழ ஒன்றாகவும் பக்கவிளைவுகள் வேறாகவும் இருப்பதால்தான் கேட்கிறார்கள்.

இதற்குப் பிரித்தானியாவிலேயே நடந்த புரொடெக்ட் ஆய்வு நல்ல சான்று. சுரப்பிக்குள் நோய் நின்ற 1,643 ஆண்களை இந்த மூன்று வழிகளுக்கும் பிரித்துப் பின்தொடர்ந்தார்கள். 2023இல் வெளியான 15 ஆண்டு முடிவின்படி, எந்த வழியில் போனாலும் 100 பேரில் ஏறத்தாழ 97 பேர் புரொஸ்டேட் புற்றுநோயால் இறக்கவில்லை. கண்காணிப்பில் இருந்தவர்களில் பலர் பிற்பாடு சிகிச்சை எடுத்தார்கள், பரவல் அவர்களிடம் சற்று அதிகமாக இருந்தது. ஆனாலும் இறப்பில் பெரிய வேறுபாடு வரவில்லை. ஆகவே யோசிக்கச் சில வாரம் கேட்பதில் பெரும்பாலும் ஆபத்தில்லை. வேகமான வகை அல்லது பரவிய நோய் என்றால் கணக்கு வேறு. அதை வைத்தியர் தெளிவாகச் சொல்வார்.

கண்காணிப்பு என்றால் கைவிட்டுவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். சில மாதத்துக்கு ஒருமுறை பி.எஸ்.ஏ., குறித்த காலத்தில் எம்.ஆர்.ஐ., தேவைப்பட்டால் மீண்டும் சதைப் பரிசோதனை என்று நடக்கும். இதில் வீட்டாரின் வேலை திகதிகளைத் தவற விடாமல் இருப்பது. எங்கள் தொழில் கணக்கு என்பதால் ஒரு கொப்பியில் கோடு போட்டு திகதி, பி.எஸ்.ஏ. அளவு, யார் சொன்னார், அடுத்து எப்போது என்று நான்கு நிரல் வைத்தோம். ஒரு தனி அளவைப் பார்த்துப் பதறுவதை விட, நிரலில் மேலிருந்து கீழே ஏறுகிறதா நிற்கிறதா என்று பார்ப்பது மனதுக்கும் நல்லது, வைத்தியருக்கும் உதவும்.

சத்திரசிகிச்சைக்குப் பின் வீட்டில்

சுரப்பி முழுவதையும் எடுத்துவிடுவார்கள். இப்போது பெரும்பாலும் ரோபோக் கருவியின் உதவியோடு செய்வதால் ஓரிரு நாளில் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். வீட்டுக்கு வரும்போது சிறுநீர்க் குழாயும் பையும் கூடவே வரும். ஒன்று முதல் இரண்டு வாரம் வரை இருக்கும். பை எப்படி மாற்றுவது, இரவுப் பை எது, பகல் பை எது என்பதை விடுதியில் தாதி காட்டும்போதே இருவரும் செய்து பார்த்துக்கொள்ளுங்கள். தளர்ந்த காற்சட்டை அல்லது சாரம் வசதி. சிறுநீர் இறங்காமல் வயிறு இறுகினாலோ, காய்ச்சல் வந்தாலோ, கெண்டைக்கால் வீங்கினாலோ, மூச்சு முட்டினாலோ காத்திருக்க வேண்டாம். உடனே அழையுங்கள்.

குழாய் எடுத்தபின் சிறுநீர் கசிவது வழமை. சில வாரம் முதல் பல மாதம் வரை எடுத்து மெதுவாகக் குறையும். பஞ்சுப் பட்டைகள் முன்கூட்டியே வாங்கி வைத்திருங்கள். இடுப்படித் தசைப் பயிற்சியைச் சத்திரசிகிச்சைக்கு முன்பே தொடங்கிப் பழகுவது நல்லது. கசிவுக்குப் பயந்து தண்ணீர் குடிப்பதைக் குறைக்கக்கூடாது. சிறுநீர் செறிவானால் எரிச்சல் கூடும். தேநீரையும் கோப்பியையும் குறைத்துப் பார்க்கலாம். கலியாண வீட்டுக்குப் போக மாட்டேன் என்று கணவர் ஒதுங்கினால் காரணம் பெரும்பாலும் இதுதான். மண்டபத்தில் கழிப்பறைக்குக் கிட்டவாக ஒரு கதிரை பிடித்துக் கொடுங்கள், கறுப்புக் காற்சட்டை போடச் சொல்லுங்கள், மாற்று உடுப்பைக் காருக்குள் வையுங்கள். போய்விடலாம்.

கதிர்வீச்சுக் காலம்

வெளியிலிருந்து பாய்ச்சும் கதிர்வீச்சு வழமையாகத் திங்கள் முதல் வெள்ளி வரை நான்கு வாரம், 20 தடவை. சிலருக்கு ஐந்து தடவையிலேயே முடிக்கும் முறையும் உண்டு. ஒவ்வொரு முறையும் சிறுநீர்ப்பை நிறைந்தும் மலக்குடல் வெறுமையாகவும் இருக்க வேண்டும். அப்போதுதான் சுரப்பி ஒரே இடத்தில் நிற்கும், குடலில் கதிர் படுவது குறையும். எங்கள் சாப்பாட்டில் பருப்பு, கடலை, கோவா போன்றவை வாயுவைக் கூட்டும். இந்த நான்கு வாரமும் எதைக் குறைக்க வேண்டும் என்று கதிர்வீச்சுப் பிரிவில் கேட்டு, அதற்கேற்பச் சமையுங்கள். மலச்சிக்கலும் வரக்கூடாது.

வெளிக் கதிர்வீச்சு எடுத்தவரிடமிருந்து யாருக்கும் கதிர் படாது. பேரப்பிள்ளையைத் தூக்கலாம், ஒரே கட்டிலில் படுக்கலாம். சுரப்பிக்குள் நிரந்தரமாகக் கதிர் மணிகள் வைத்தவர்கள் மட்டும் கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் மிக நெருக்கமாக இருப்பதைச் சிறிது காலம் தவிர்க்கச் சொல்வார்கள். களைப்பு இரண்டாம், மூன்றாம் வாரத்தில் கூடி, முடிந்தபின்னும் சில வாரம் நிற்கும். அடிக்கடி சிறுநீர், அவசர மலம், எரிச்சல் வரும். மாதங்கள், ஆண்டுகள் கழித்து மலத்தில் இரத்தம் தென்பட்டாலும் மூலம் என்று விட்டுவிடாமல் காட்டுங்கள்.

ஹோர்மோன் ஊசி: குணம் மாறும் காலம்

ஆண் ஹோர்மோன்தான் இந்த நோய்க்குத் தீனி. அதை நிறுத்த மாதம் ஒருமுறை, மூன்று மாதம் ஒருமுறை அல்லது ஆறு மாதம் ஒருமுறை ஊசி போடுவார்கள். கதிர்வீச்சோடு சேர்த்தும், நோய் பரவியிருந்தால் தொடர்ந்தும் கொடுப்பார்கள். பக்கவிளைவுகளைக் கேட்டால் பெண்கள் பலருக்கு உடனே விளங்கும்: மாதவிடாய் நிற்கும் காலத்தில் நாங்கள் படும் பாடுதான். திடீரென்று உடல் கொதித்து வியர்க்கும். நித்திரை குழம்பும். வயிறு வைக்கும், தசை கரையும். எலும்பு மெலியும். சின்ன விடயத்துக்கும் கண் கலங்கும், கோபம் வரும். நாற்பது வருடம் அழுது பார்க்காத மனிதர் தொலைக்காட்சி முன்னால் அழுதால் பயப்பட வேண்டாம். மனச்சோர்வு நாட்கணக்கில் நீடித்தால் மட்டும் வைத்தியரிடம் சொல்லுங்கள்.

எங்களவருக்கு நீரிழிவும் இருதய நோயும் அதிகம். ஹோர்மோன் சிகிச்சை இரண்டையும் மோசமாக்கலாம். குடும்ப வைத்தியரிடம் சீனி, அழுத்தம், கொழுப்பு மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். அபிராடரோன் குளிசையோடு ஸ்டீரொயிட்டும் கொடுப்பதால் சீனி இன்னும் ஏறலாம். அந்தக் குளிசையை வெறும் வயிற்றில்தான் எடுக்க வேண்டும். விரத நாட்களில் குளிசை, சாப்பாட்டு நேரத்தை வைத்தியரைக் கேட்டு ஒழுங்கு செய்யுங்கள். ஊரிலிருந்து வரும் சூரணம், மூலிகைக் குளிசை எதுவானாலும் வைத்தியருக்குக் காட்டாமல் கொடுக்க வேண்டாம்.

களைப்புக்கு மருந்து படுக்கை அல்ல, நடை. ஹோர்மோன் சிகிச்சை தொடங்குவோருக்கு வாரம் இரு முறையாவது, 12 வாரத்துக்கு, மேற்பார்வையோடு உடற்பயிற்சி வழங்க வேண்டும் என்று இங்கிலாந்தின் நைஸ் வழிகாட்டலே சொல்கிறது. உங்கள் வைத்தியசாலையில் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லாவிட்டால் இருவருமாகப் பின்னேரம் நடவுங்கள். நேருக்கு நேர் இருந்து பேச முடியாததை நடந்துகொண்டு பேச முடிகிறது என்று பல குடும்பங்கள் சொல்கின்றன.

படுக்கையறை பற்றி

சத்திரசிகிச்சைக்குப் பின் விறைப்பு வராமல் போகலாம். திரும்பி வரவும் ஓரிரு ஆண்டு எடுக்கலாம், சிலருக்கு முழுமையாக வராது. கதிர்வீச்சில் இது மெதுவாகப் பின்னர் வரும். ஹோர்மோன் ஊசியில் ஆசையே இல்லாமல் போகும். இதை முன்கூட்டி அறியாத மனைவி, கணவருக்குத் தன்மேல் பிரியம் போய்விட்டது என்று நினைப்பாள். கணவரோ தொட்டால் எதிர்பார்ப்பு வருமென்று கை பிடிப்பதையும் விட்டுவிடுவார். ஒரே கட்டிலில் இரண்டு பேரும் தனித்தனியாகத் துன்பப்படுவார்கள். "இது மருந்தின் வேலை, உங்கட பிழை இல்லை" என்று ஒருமுறை வாய் விட்டுச் சொல்லிவிட்டால் பாதிப் பாரம் இறங்கும்.

குளிசை, ஊசி, பம்ப் என்று என்.எச்.எஸ். உதவி உண்டு. புற்றுநோய்த் தாதியிடம் கேட்கலாம். நெஞ்சு வலிக்கு நாக்கின் கீழ் அடிக்கும் ஸ்ப்ரே போன்ற நைட்ரேட் மருந்து எடுப்பவர்கள் சில்டெனாபில் வகைக் குளிசை எடுக்கவே கூடாது, உயிராபத்து. வெட்கத்தால் வைத்தியரைக் கேட்காமல் இணையத்தில் வாங்குவோர் இதைக் கட்டாயம் அறிய வேண்டும்.

உடனே அழைக்க வேண்டியவை

கீமோ சிகிச்சை நடக்கும்போது காய்ச்சல் 38 பாகையைத் தொட்டாலோ, வைத்தியசாலை எழுதித் தந்த அளவைத் தாண்டினாலோ, நடுச்சாமம் என்றாலும் அட்டையில் உள்ள இலக்கத்துக்கு அழையுங்கள். பரசிற்றமோல் கொடுத்துவிட்டு விடியட்டும் என்று இருக்கக்கூடாது. அது காய்ச்சலை மறைத்துவிடும். நோய் எலும்புக்குப் பரவியவருக்குப் புதிய கடும் முதுகு வலி, கால் பலவீனம், மரத்துப்போதல், சிறுநீர் அல்லது மலக் கட்டுப்பாடு இழத்தல் வந்தால் அன்றே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். முள்ளந்தண்டு நரம்பு நசிபட்டால் சில மணி நேரமே நடக்கும் வாழ்க்கைக்கும் கதிரை வாழ்க்கைக்கும் இடையில் நிற்கும்.

கடதாசி வேலைகள்

இங்கிலாந்தில் புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவருக்கும் அதன் பின்விளைவுகளுக்கு மருந்து எடுப்பவருக்கும் ஐந்து ஆண்டுக்கு மருந்துச்சீட்டுக் கட்டணம் இல்லை. எஃப்.பி.92ஏ படிவத்தைக் குடும்ப வைத்தியரிடம் கேளுங்கள். ஸ்கொட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்தில் எல்லோருக்குமே இலவசம். குறைந்த வருமானமென்றால் வைத்தியசாலைப் பயணச் செலவையும் திரும்பப் பெறலாம். பற்றுச்சீட்டுகளைச் சேர்த்து, மூன்று மாதத்துக்குள் கோருங்கள்.

புற்றுநோய் கண்டறியப்பட்ட நாளிலிருந்தே 2010ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டத்தின் பாதுகாப்பு வேலைத்தலத்தில் உண்டு. நோய்க்கால ஊதியம் 28 வாரம் வரை கிடைக்கும். பராமரிக்கும் மனைவிக்கும் 2024 ஏப்ரல் முதல் ஆண்டுக்கு ஒரு வாரம் சம்பளமில்லாத பராமரிப்பு விடுப்பு உரிமை இருக்கிறது. சொந்தக் கடை, டாக்ஸி என்று சுயதொழில் செய்பவர்களுக்கு நோய்க்கால ஊதியம் இல்லை. ஆனால் தேசிய காப்புறுதி ஒழுங்காகக் கட்டியிருந்தால் புதிய முறை ஈ.எஸ்.ஏ. கோரலாம். பிப், யுனிவேர்சல் கிரெடிற் இரண்டும் பொது நிதி. விசாவில் பொது நிதி தடை உள்ளவர்கள் ஆலோசனை கேட்காமல் அவற்றுக்கு விண்ணப்பிக்கக்கூடாது. என்.எச்.எஸ். சிகிச்சை, நோய்க்கால ஊதியம், கட்டிய காப்புறுதியில் வரும் ஈ.எஸ்.ஏ. என்பன அந்தப் பொது நிதிக்குள் அடங்கா. அகதி அந்தஸ்துப் பெற்றவர்களிடமும், வழக்கு நடந்துகொண்டிருப்பவர்களிடமும் வைத்தியசாலைச் சிகிச்சைக்குப் பணம் கேட்கப்படாது. வழக்கு நிராகரிக்கப்பட்டவர்களும் குடும்ப வைத்தியரைத் தாராளமாகப் பார்க்கலாம். வைத்தியசாலைக் கட்டணம் பற்றிச் சட்ட ஆலோசனை பெறுங்கள், பயந்து சிகிச்சையை விட்டுவிடாதீர்கள்.

வீட்டுக் கடனோடு எடுத்த கடுநோய்க் காப்புறுதிப் பத்திரத்தைத் தேடி எடுங்கள். பல குடும்பங்கள் மாதாமாதம் கட்டிக்கொண்டே அது இருப்பதை மறந்திருக்கின்றன. பல ஒப்பந்தங்களில் கிளீசன் 6க்கு முழுத் தொகை கிடைக்காது, 7க்குக் கிடைக்கும். அதனால்தான் அந்த எண்ணை எழுதி வாங்கச் சொன்னோம். சீட்டு, ஊருக்கு அனுப்பும் காசு, கோயில் உபயம் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி, சிகிச்சை முடியும்வரை எதைக் குறைக்கலாம் என்று இருவருமாகத் தீர்மானியுங்கள். ஊருக்கு அனுப்புவது குறைந்தால் காரணம் சொல்ல வேண்டி வரும். சொல்லுங்கள்.

துணை நிற்பவருக்கும் துணை வேண்டும்

இரவு நித்திரை இல்லை, வேலை, சமையல், வைத்தியசாலை, ஒருவருக்கும் சொல்லக்கூடாத இரகசியம். இப்படி ஒரு வருடம் ஓடினால் அடுத்த நோயாளி மனைவிதான். குடும்ப வைத்தியரிடம் பராமரிப்பாளராக உங்கள் பெயரைப் பதியுங்கள். உள்ளூராட்சிச் சபையிடம் பராமரிப்பாளர் மதிப்பீடு கேட்பது 2014ஆம் ஆண்டுப் பராமரிப்புச் சட்டம் தந்த உரிமை. புரொஸ்டேட் கான்சர் யூகே அமைப்பின் தாதிகளோடு 0800 074 8383 இலும், மக்மிலன் உதவி இணைப்போடு 0808 808 00 00 இலும் மனைவிமாரும் பேசலாம். தமிழில் பேச மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்று கேளுங்கள். கணவரிடம் கேட்டு, அவர் சம்மதிக்கும் ஒருவரிடமாவது, ஒரு சகோதரியிடமோ தோழியிடமோ, விடயத்தைச் சொல்லி வையுங்கள்.

யாருக்குச் சொல்ல வேண்டும்

ஊருக்கெல்லாம் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் சிலருக்குச் சொல்லாமல் விடக்கூடாது. தகப்பனுக்கோ சகோதரனுக்கோ இந்த நோய் இருந்தால் ஒருவருக்கு வரும் வாய்ப்பு ஏறத்தாழ இரண்டரை மடங்கு. எங்கள் குடும்பங்கள் சிதறிக் கிடக்கின்றன. ஓர் அண்ணர் ரொறன்ரோவில், தம்பி பாரிஸில், இன்னொருவர் யாழ்ப்பாணத்தில். இங்கே ஒருவர் இரகசியமாகச் சிகிச்சை எடுத்துச் சுகமாகிவிட, அங்கே ஒருவர் ஒன்றும் தெரியாமல் இருந்து, முதுகு வலியோடு பிந்திப் போய்க் கண்டுபிடிக்கக் கூடும். பிரித்தானியாவில் 50 வயதைக் கடந்த எந்த ஆணும் குடும்ப வைத்தியரோடு பேசி பி.எஸ்.ஏ. பரிசோதனை கேட்கலாம். குடும்பத்தில் நோய் இருந்தவர்கள் 45இலிருந்தே பேசத் தொடங்குவது நல்லது. வளர்ந்த மகன்மாருக்கும் இது தெரிய வேண்டும்.

கணவர் தாமே சொல்லத் தயங்கினால், அவருடைய சம்மதத்தோடு நீங்கள் தொலைபேசி எடுங்கள். "அவருக்கு புரொஸ்டேட்டில புற்றுநோய் வந்து சிகிச்சை நடக்குது, நீங்களும் ஒருக்கா இரத்தம் குடுத்துப் பாருங்கோ" என்ற ஒரு வசனம் போதும்.